பிடித்த வீடு அமையும்வரை வாரத்தை எப்படிக் காப்பாற்றுவது?

நீங்கள் கேட்டது இது: "நானும் கணவரும் ஒன்பது மாதமாக வீடு தேடுகிறோம். இருவருக்கும் வேலை, ஒரு குழந்தை. சனி, ஞாயிறு முழுக்க வீடு பார்ப்பதிலேயே போய்விடுகிறது. இரவில் போனில் விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே தூங்கிப்போகிறேன். மனதுக்குப் பிடித்த வீடு இன்னும் அமையவில்லை, எங்களுக்குள் சண்டைதான் அதிகமாகியிருக்கிறது. கொஞ்ச நாள் நிறுத்தலாம் என்றால், அந்த நேரம் பார்த்து நல்ல வீடு கைநழுவிவிடுமோ என்று பயம். என்ன செய்வது?"

வீடு வாங்கப்போகிறவர்களுக்காகக் கட்டடங்களைச் சோதித்துச் சொல்வது என் தொழில். விரிசலையும் ஈரத்தையும் பார்க்கத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஆனால் சுவரைப் பார்க்கும்போதே கூட வந்திருப்பவர்களின் முகமும் கண்ணில் படும். மாதக்கணக்கில் அலைந்து ஓய்ந்துபோனவர்கள், அந்த வீடு பிடித்திருப்பதால் சரி என்று சொல்வதில்லை. இனிமேல் அலைய முடியாது என்பதால் சொல்கிறார்கள். அப்படி வாங்கிய வீட்டில் குறை தெரியத் தொடங்கும்போது மனம் உடைந்துவிடுகிறது.

அதனால் தேடலையும் வாழ்க்கையையும் தராசின் இரண்டு தட்டுகளாக நான் பார்ப்பதில்லை. உங்களுக்கு எந்த வீடு பொருந்தும் என்று சொல்லக்கூடியது நீங்கள் தினமும் வாழும் வாழ்க்கை மட்டும்தான். காலையில் யார் முதலில் எழுகிறீர்கள், குழந்தை எங்கே உட்கார்ந்து படிக்கிறது, வேலை முடிந்து வந்ததும் எந்த மூலையைத் தேடிப் போகிறீர்கள் என்பதெல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால்தான் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் "இங்கே இது நடக்குமா" என்று மனதால் பார்க்க முடியும். தூக்கம் கெட்டு, பேச்சு குறைந்து, ஒரு விடுமுறை நாள்கூட இல்லாமல் இருக்கும்போது அளந்து பார்க்கும் கருவியே பழுதாகிவிடுகிறது. பிறகு எந்த வீட்டைப் பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எனவே முதல் வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம். கடந்த வாரத்தின் சாதாரண நாள் ஒன்றை எடுத்து, எழுந்தது முதல் படுத்தது வரை இருவரும் தனித்தனியாக எழுதுங்கள். விருந்தினர் வந்த நாள், பண்டிகை நாள் வேண்டாம். வேலைக்குப் போய்த் திரும்பிய, ஒன்றும் விசேஷமில்லாத நாளாக இருக்கட்டும். எந்த நேரம் சுகமாக இருந்தது, எந்த நேரம் எரிச்சலாக இருந்தது என்று பக்கத்தில் குறியுங்கள். உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை இப்படித்தான் துண்டு துண்டாக நினைத்து எழுதச் சொன்னார்கள். பிடித்த நேரங்களின் வரிசையில் காலையில் வேலைக்குப் போகும் பயணம் அடிமட்டத்தில் இருந்தது. உங்கள் தாளில் வேறு ஏதாவது வரலாம். வருவது எதுவாக இருந்தாலும், புது வீடு முதலில் தீர்க்க வேண்டியது அதைத்தான்.

பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மக்கள் மிகத் தவறாகக் கணக்குப் போடும் இடம் இது. "அரை மணி நேரம் கூடுதல்தானே, ஒரு அறை அதிகமாகக் கிடைக்கிறதே" என்பார்கள். போக அரை மணி, வர அரை மணி, ஆண்டுக்கு 240 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 240 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் 30 நாள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை நாட்களைச் சாலைக்குக் கொடுத்துத்தான் அந்த அறையை வாங்குகிறீர்கள். பொருளாதார அறிஞர்கள் அலோய்ஸ் ஸ்டுட்சரும் புரூனோ ஃபிரேயும் ஜெர்மனியின் நீண்டகாலக் குடும்பக் கணக்கெடுப்பை வைத்து இதை ஆராய்ந்தார்கள். நெடுந்தூரம் பயணிப்பவர்களுக்கு அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ கிடைத்திருக்கும், ஆகவே மொத்தத்தில் திருப்தி குறைந்திருக்காது என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. தரவு அப்படிச் சொல்லவில்லை. பயண நேரம் கூடக் கூட வாழ்க்கைத் திருப்தி குறைந்துகொண்டே போனது.

பெரிய அறைக்கு மனம் சில மாதங்களில் பழகிவிடும். நெரிசல் ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி இருக்கும், அதற்கு மனம் பழகுவதில்லை. ஆகவே வரைபடத்தில் பரப்பளவையும் விலையையும் குறிப்பதற்கு முன், இருவரும் தாங்கக்கூடிய பயண நேரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு வெளியே எவ்வளவு அழகான வீடு வந்தாலும் திறந்துகூடப் பார்க்க வேண்டாம். பாதித் தேடல் இதிலேயே குறைந்துவிடும்.

அப்புறம் "பிடித்த வீடு" என்ற சொல்லுக்கு வருகிறேன். எல்லா வகையிலும் சிறந்த வீட்டைத்தான் பிடித்த வீடு என்று நினைக்கிறீர்களோ என்று உங்கள் கேள்வியைப் படித்தபோது தோன்றியது. அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், பின்னர் 1978-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர், மனிதர்கள் முடிவெடுக்கும் விதத்தைப் பற்றி 1956-இல் எளிய ஒரு விஷயத்தை எழுதினார். எல்லா வாய்ப்புகளையும் எடைபோட்டு மிகச் சிறந்ததைக் கண்டுபிடிக்க யாருக்கும் நேரமோ தகவலோ இருப்பதில்லை. ஒரு தகுதிக்கோட்டை முன்கூட்டியே வைத்துக்கொண்டு அதைத் தாண்டும் முதல் வாய்ப்பை எடுப்பதுதான் நடக்கக்கூடிய வழி. இது தரத்தைக் குறைத்துக்கொள்வது ஆகாது. கோடு எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. தாண்டிவிட்டால் அதற்குமேல் தேடக் கூடாது, அவ்வளவுதான்.

சிறந்ததையே தேடுபவர்களுக்கு என்ன ஆகிறது என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஷீனா ஐயங்கார், ரேச்சல் வெல்ஸ், பேரி ஷ்வார்ட்ஸ் மூவரும் 2006-இல் வெளியிட்டது, வேலை தேடும் கல்லூரி மாணவர்களைப் பற்றியது. சிறந்ததைத் தவிர வேறெதையும் ஏற்காதவர்களுக்கு மற்றவர்களைவிட 20 சதவீதம் அதிகமான தொடக்கச் சம்பளம் கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலையில் அவர்களுக்கு இருந்த திருப்தி குறைவு. தேடும் காலம் முழுக்க அவர்கள் பட்ட மனக்கஷ்டமும் அதிகம். வீட்டிலும் இதையேதான் கண்டிருக்கிறேன். நூறு வீடுகளை ஒப்பிட்டு வாங்கியவர்களுக்கு, குடிபோன பிறகும் மீதி தொண்ணூற்றொன்பது வீடுகள் மனதில் இருந்து போவதில்லை.

தகுதிக்கோட்டை இப்படி வையுங்கள். மாற்றவே முடியாத விஷயங்களில் மட்டும் மூன்றைக் கட்டாயம் என்று எழுதுங்கள். இடம், வெளிச்சம் வரும் திசை, சத்தம், எந்த மாடி, அறைகள் ஒன்றோடொன்று சேரும் விதம் இவையெல்லாம் மாற்ற முடியாதவை. சுவரின் நிறம், குழாய், அலமாரி, தரையின் ஓடு எல்லாம் பணம் கொடுத்தால் மாறும். விளம்பரப் படங்களில் கண்ணைப் பறிப்பது எப்போதும் மாற்றக்கூடியவைதான். படத்தைப் பார்த்து வீட்டை ஒதுக்குவதும் படத்தைப் பார்த்து ஓடுவதும் உங்கள் ஒன்பது மாதத்தில் எவ்வளவு இடம் பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிச்சத்துக்கு நான் தனி மதிப்பு கொடுப்பேன். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் 1977-லேயே சொன்னார்: ஒரே பக்கம் ஜன்னல் இருக்கும் அறையைவிட இரண்டு பக்கமும் வெளிச்சம் வரும் அறைக்குத்தான் மனிதர்கள் தானாகப் போய் உட்காருகிறார்கள். ஒரு பக்க வெளிச்சத்தில் எதிரில் இருப்பவரின் முகம் பாதி நிழலில் இருக்கும், கண் கூசும். இரு பக்க வெளிச்சத்தில் முகம் தெளிவாகத் தெரியும். நான் போய்வந்த வீடுகளில் குடும்பம் எந்த அறையில் கூடுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் அந்த மாதிரி அறையைத்தான் காட்டினார்கள். முதல் பார்வையில் மனம் ஒரு வீட்டில் ஒட்டுவதற்கு இது பெரிய காரணம், ஆனால் வாங்குபவர்கள் இதைப் பெயர் சொல்லிக் கேட்பதே இல்லை.

இனி வாரத்தின் கணக்கு. விளம்பரம் பார்க்க வாரத்தில் இரண்டு மாலை, ஒவ்வொன்றிலும் அரை மணி. நேரில் பார்க்க வாரத்துக்கு ஓர் அரைநாள், அதில் மூன்று வீடுகளுக்கு மேல் வேண்டாம். நான்காவது வீட்டில் முதல் வீட்டின் சமையலறையை மூன்றாவது வீட்டோடு குழப்பிக்கொள்வீர்கள். மாதத்தில் ஒரு வார இறுதி முழுக்கத் தேடலே இல்லாமல் இருக்கட்டும். அன்று வீட்டைப் பற்றிப் பேசுவதும் வேண்டாம். போனில் வரும் அறிவிப்புகளை அணைத்துவிட்டு, குறிப்பிட்ட நேரத்தில் நீங்களே போய்ப் பாருங்கள். படுக்கையறைக்குள் விளம்பரம் வரவே கூடாது, இதில் நான் கறாராகவே இருப்பேன். இரவில் பார்க்கும் எந்த வீட்டையும் அந்த நேரத்தில் போய்ப் பார்க்கவோ வாங்கவோ முடியாது, தூக்கம் மட்டும்தான் போகும்.

நேரில் போவதற்கு முன் தொலைபேசியிலேயே பாதியை வடிகட்டலாம். எந்த மாடி, ஜன்னல்கள் எதைப் பார்க்கின்றன, எதற்காக விற்கிறார்கள், எவ்வளவு நாளாக விலைக்கு இருக்கிறது, ஆவணங்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரான பதில் வராத வீட்டுக்குப் போக வேண்டாம். இந்த வடிகட்டும் வேலையை ஒரு மாதம் நீங்கள், அடுத்த மாதம் கணவர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் சோர்ந்துபோவதுதான் பெரிய ஆபத்து.

சண்டையைப் பற்றி: ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் பேசாதீர்கள். முதலில் இருவரும் தனித்தனியாக, மூன்று கட்டாயங்களுக்கும் பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள், பிறகு மாற்றிப் படியுங்கள். முதலில் வாய்விட்டுச் சொன்ன கருத்தை ஒட்டியே மற்றவரின் எண்ணமும் போகும், அல்லது அதை எதிர்ப்பதற்காகவே திரும்பும். எழுதி வைத்தால் இரண்டும் நடக்காது. எண்கள் மிகவும் வேறுபடும் இடத்தில்தான் பேச்சு வேண்டும். அங்கேகூடப் பெரும்பாலும் வீட்டைப் பற்றிய கருத்து வேறுபாடு இருக்காது. ஒருவருக்கு அமைதி வேண்டும், ஒருவருக்கு ஆட்கள் அருகில் வேண்டும் என்பது போன்ற ஒன்று இருக்கும். அதை ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டால் அடுத்த இருபது வீடுகளில் அதே சண்டை வராது.

வீட்டைப் பார்க்கும் முறையில் என் தொழில் அனுபவத்திலிருந்து சில. முதல் முறை போகும்போது மனதால் பாருங்கள், அலசி ஆராய வேண்டாம். பிடித்திருந்தால் வேறு நேரத்தில் மறுபடி போங்கள். பகலில் பார்த்ததை இரவில், வெயிலில் பார்த்ததை மழையில். இரவில் படுக்கையறை ஜன்னல் அருகே பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டுக்கு வெளியே இரவுச் சத்தம் ஆண்டுச் சராசரியாக 40 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகக் கேட்கும். போன் செயலியின் அளவு துல்லியமாக இருக்காது, ஆனால் இப்போது நீங்கள் தூங்கும் அறையோடு ஒப்பிட அது போதும்.

ஈரத்தைப் பார்க்க ஒரு சுவர் மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருக்கிறதா என்று கவனியுங்கள். தரையோடு ஒட்டி, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் கறை பெரும்பாலும் நிலத்திலிருந்து ஏறும் ஈரம். கூரைப் பக்கம் இருந்தால் மேலிருந்து வரும் கசிவு. அலமாரிக்குப் பின்னாலும் ஜன்னல் மூலையிலும் கறுப்புப் புள்ளிகளாக இருந்தால் காற்றோட்டம் போதாமல் சுவரில் படியும் ஈரம். மூன்றுக்கும் செலவு வேறு வேறு, முதல் இரண்டையும் உங்கள் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்ய வேண்டாம். மயிரிழை விரிசல் பூச்சில் வருவது சகஜம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு பக்கம் அகலமாகிக்கொண்டே போகும் விரிசலைக் கண்டால் பொறியாளரைக் கூப்பிடாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பணமும் இந்தச் சமநிலைக்குள்தான் வருகிறது. வங்கி எவ்வளவு கொடுக்கும் என்பது வங்கியின் கணக்கு, உங்கள் வாழ்க்கையின் கணக்கு அதில் இல்லை. ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், வாங்கிய தொகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கைத் திருப்பிக் கட்டுவீர்கள். முதல் மாதத் தவணையில் 80 சதவீதத்துக்கு அருகில் வட்டிக்கே போகும். 15 ஆண்டில் முடித்தால் மொத்தம் சுமார் 1.7 மடங்கு, ஆனால் மாதத் தவணை கூடும். நான் சொல்லும் சோதனை இது: நீங்கள் கட்ட நினைக்கும் தவணைக்கும் இப்போது கொடுக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தை, வரும் மூன்று மாதம் தொடாமல் தனிக் கணக்கில் போடுங்கள். மூச்சு முட்டாமல் இருந்தால் அந்தத் தொகை சரி. வெளியே போவது, நண்பர்களைப் பார்ப்பது, குழந்தையின் வகுப்பு எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோனால் தொகையைக் குறையுங்கள். வீட்டில் வாழ்வதற்கான பணத்தை வீட்டுக்கே கொடுத்துவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அவர்கள் வீட்டைக் குறை சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். 1960-இல் மார்ட்டின் கார்ட்னர் தன் கணிதப் பத்தியில் எழுதியதால் பரவலாக அறியப்பட்ட ஒரு புதிர் உண்டு. வாய்ப்புகள் ஒவ்வொன்றாக வரும், வேண்டாம் என்று விட்டால் திரும்பக் கிடைக்காது, மிகச் சிறந்ததை எப்படிப் பிடிப்பது? முதல் 37 சதவீதத்தை எடுக்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்துவிட்டு, பிறகு அவை எல்லாவற்றையும்விட மேலானது வந்ததும் எடுத்துவிட வேண்டும் என்பது விடை. முப்பது வீடு பார்ப்பதாக வைத்தால் முதல் பதினொன்று பாடம் படிக்க. உங்கள் ஒன்பது மாதத்தில் அந்தப் பாடம் எப்போதோ முடிந்திருக்கும். எந்தப் பகுதியில் என்ன விலைக்கு என்ன கிடைக்கும் என்பது இப்போது உங்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த அலைச்சலில் ஒன்றும் வீணாகவில்லை.

அந்தப் புதிரில் பலர் கவனிக்காத இன்னொரு பகுதி உண்டு. இந்த வழியை அப்படியே பின்பற்றினாலும் மிகச் சிறந்தது கையில் கிடைக்கும் வாய்ப்பு 37 சதவீதம்தான். கணிதத்திலேயே இதைவிட நல்ல வழி கிடையாது. அதாவது எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் ஏதோ ஒரு நல்ல வீடு கைநழுவத்தான் செய்யும். நிறுத்தாமல் தேடினாலும் நழுவும், நான்கு வாரம் நிறுத்தினாலும் நழுவும். நிஜத்திலோ புதிரைவிட நிலைமை உங்களுக்குச் சாதகம். விட்ட வீடு சில சமயம் விலை குறைந்து திரும்ப வரும். உங்கள் கோட்டைத் தாண்டும் வீடு ஒன்று மட்டும் இருக்கப்போவதில்லை, பல இருக்கும்.

ஆகவே என் பதில்: நிறுத்துங்கள். நான்கு முதல் ஆறு வாரம் விளம்பரமே வேண்டாம். முதல் வாரம் முழுக்கத் தூங்குங்கள், குழந்தையோடு இருங்கள். அதற்கடுத்த வாரங்களில் நாள் குறிப்பு, பயண வட்டம், மூன்று கட்டாயங்கள் இவற்றை அவசரமில்லாமல் செய்யுங்கள், மூன்று மாதத் தவணைச் சோதனையையும் தொடங்கிவிடுங்கள். நம்பகமான தரகர் ஒருவர் இருந்தால், மூன்று கட்டாயங்களும் சேர்ந்து வந்தால் மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள். முக்கியமான வீடு இருந்தால் அந்த வழியாக வரும்.

இப்போது இருக்கும் வீட்டைக் காலிசெய்ய வேண்டிய தேதி ஏதாவது இருந்தால் மட்டும் கணக்கு வேறு. அந்த நெருக்கடியில் வாங்காதீர்கள். உங்கள் வட்டத்துக்குள் உள்ள பகுதியிலேயே ஆறு மாதமோ ஓராண்டோ வாடகைக்குப் போங்கள். கூடுதலாகக் கொடுக்கும் வாடகையும் இரண்டு முறை பொருட்களை ஏற்றி இறக்கும் தொல்லையும் உண்மைதான், ஆனாலும் அங்கேயே இருக்கும்போது எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது, எங்கே இரவில் சத்தம், எந்த வீடு விலைக்கு வரப்போகிறது என்பது விளம்பரம் வருவதற்கு முன்பே காதில் விழும். போகிற வழியில் நின்று பார்த்துவிட்டு வரலாம், அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்க வேண்டியதில்லை.